கொதித்த தண்ணீர் ஆறும் வரை

எஸ்தர் டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் பெருமாட்டியில் எங்கள் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி கையில், சட்டை வரப்பில், போன் சட்டைப்பையில். அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. இந்த நேரத்தில் எவன் என்று சலித்துக்கொண்டே போய் எடுத்தேன். மூணாறிலிருந்து டீச்சரின் மகள் ஷீலா.

"மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளே சொன்னாள். "காலையில வென்னி கேட்டாங்க. கொதிக்க வச்சேன். ரொம்பச் சூடா இருந்துச்சு, ஆறட்டும்மான்னு சொல்லி மூடி வச்சேன். அது ஆறுறதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு. கொஞ்சம் பச்சத் தண்ணிய ஊத்தி விளாவிக் குடுத்திருந்தா கடைசியா ஒரு வாய் குடிச்சிருப்பாங்களே மாமா. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"வர்றேன் கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மடை உடைந்து தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அடைக்கவும் தோன்றவில்லை.

ஷீலா கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. டீச்சரை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் தெரியும். அறியாதவர்களுக்காகவும், எல்லோருக்கும் முன்னால் ஷீலாவுக்காகவும், இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் காந்தலூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த பெருமாட்டிக்காரனைக் கொண்டுபோய் அந்தக் குளிரில் போட்டார்கள். மறையூர் வரைக்கும் பஸ், அதற்கு மேல் ஜீப் வந்தால் ஜீப், வராவிட்டால் நடை. நான் போன அன்று வரவில்லை. நடந்து ஏறி, மூச்சு வாங்கி, பள்ளிக்கூடத்து வாசலில் இருந்த குழாயைத் திறந்து வயிறு முட்டக் குடித்தேன். நிமிர்ந்தால் எதிரில் ஒரு பெண்மணி. ஒல்லியான உடம்பு, நீலச் சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ.

"சார், நீங்க குடிச்ச தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். வணக்கம் இல்லை, பேர் என்ன ஊர் என்ன என்று இல்லை.

"குழாயில இருந்துங்க."

"குழாய்க்கு?"

"தொட்டியில இருந்துங்க."

"தொட்டிக்கு?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மலையில இருந்துங்க. அதுக்கும் மேல கேட்டீங்கன்னா மானத்துல இருந்துங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "எனக்கும் தெரியாது. அதான் கேக்குதேன். சாயங்காலம் வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். அவர்தான் சயின்ஸ் டீச்சர் எஸ்தர். மூணாறில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவரின் மகள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். எனக்குச் சில வாரம் முன்புதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்.

சாயங்காலம் அவரும் நானும் பியூன் பொன்னையாவும் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போனோம். குழாய் முடிந்து வாய்க்கால், வாய்க்கால் முடிந்து ஒரு குட்டை. குட்டையில் யார் வீட்டு எருமையோ கழுத்துவரை அமிழ்ந்து சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. எருமைக்காரரைத் தேடிப் பிடித்து, குட்டைக்கு முள்வேலி போட வைத்துவிட்டுத்தான் டீச்சர் அந்த வாரம் ஓய்ந்தார்.

சனிக்கிழமைகளில் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவார். பள்ளிக்கூடத்துக்கு மேலே வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள், அதற்கு மேலே புல்மேடு, அதற்கும் மேலே காடு. பெண்பிள்ளைகளை அப்படி அனுப்புவது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்குவார். "உங்க பிள்ள இந்த மலையில பிறந்துட்டு மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்காமலே கல்யாணம் கட்டிப் போகணுமா?" என்பார். பெற்றவர்களும் அனுப்பிவிடுவார்கள். துணைக்கு ஆண் வாத்தியார் ஒருவர் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதால் நானும் போனேன். சோறு பொங்கப் பொன்னையா.

மாசி பங்குனியில் புல்மேடு காய்ந்து கிடக்கும். அங்கே தண்ணீர் தேடுவதுதான் பிள்ளைகளுக்கு விளையாட்டு. இரண்டு மேடு சேரும் மடிப்பில் கறுப்பாக மரம் கூடி நின்றால் அங்கே ஈரம் இருக்கும். காட்டுவாழை நின்றால் தோண்டிப் பார்க்கலாம். யானைத் தடம் எல்லாம் ஒரு திசையில் சேர்ந்து போனால் அது தண்ணீருக்குப் போகிறது, ஆனால் யானை இறங்கும் இடத்தில் நாம் இறங்கக் கூடாது. சில இடத்தில் டீச்சர் எல்லோரையும் உட்காரவைத்து வாயை மூடச் சொல்வார். பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கோ பாறைக்கு அடியில் சொட்டுவது கேட்கும். முதலில் கேட்ட பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய்.

தண்ணீரைக் கண்டதும் குடித்துவிட விடமாட்டார். "தண்ணியப் பாக்காதீங்க. தண்ணிக்கு மேல என்ன இருக்குன்னு ஏறிப் போய்ப் பாருங்க" என்பார். பிள்ளைகள் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலே மாடு மேய்கிறது, செத்த முயல் கிடக்கிறது, ஒன்றுமில்லை வெறும் காடுதான் என்று சொல்வார்கள். ஒன்றுமில்லை என்றாலும் துணியை நாலாக மடித்து வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதை நம்பி இறக்கிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் தளதளவென்று விடவேண்டும் என்பார். ஏன் சீக்கிரம் கொதிக்கிறது என்று நான் கேட்கப் போக, காற்று, கனம், உயரம் என்று இறங்கும்வரை எனக்குப் பாடம் நடந்தது.

நான் சும்மா இருப்பேனா? ஊருக்குப் போனபோது தேத்தாங்கொட்டை கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் கலங்கல் தண்ணீர் என்றால் குடத்தின் உள்பக்கம் அந்தக் கொட்டையை உரசிவிடுவோம், மண்ணெல்லாம் அடியில் படிந்துவிடும். சேற்றுத் தண்ணீரில் செய்து காட்டினேன். பளிங்கு மாதிரி தெளிந்தது. டீச்சர் குனிந்து குனிந்து பார்த்தார், கொட்டையை வாங்கி முகர்ந்தார், கடித்தும் பார்த்தார்.

"இனிக் குடிக்கலாமுங்களே டீச்சர்?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியுத அழுக்கு போயிருச்சு சார். தெரியாதது போச்சான்னு எப்படிச் சொல்ல?"

"கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் நான் கவலப்படறதில்லீங்க."

"நீங்க படலைன்னுதான் நான் படுதேன்" என்றார்.

ஊரில் அவருக்கு வென்னி டீச்சர் என்று பேர். மழைக்காலம் வந்தால் காந்தலூர்ப் பக்கத்தில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும், ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோயும்விடும். டீச்சர் வீட்டுக்கு வீடு நின்று, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று மன்றாடி ஒரு வருடத்தில் ஊரையே பழக்கிவிட்டார். டீக்கடையில்கூட ஒரு பானை தனியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெருமை அவருக்கு இருந்தது. அதை மறைக்கவும் மாட்டார்.

அப்போதுதான் அந்த நடை வந்தது. பரீட்சைக்கு முன் கடைசியாக ஒருமுறை என்று புல்மேட்டைத் தாண்டிப் பரந்த பாறை ஒன்றுக்குப் போனோம். பாறைக்குச் செங்குத்தாக மேலே ஓர் ஊற்று. டீச்சர் அதற்கும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, காடு தவிர வேறெதுவும் இல்லை, நல்ல ஊற்று என்றார். பாறையை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து இன்னொரு வாய்க்கால் வந்தது. அது பாத்திரம் கழுவ. குடிப்பதற்கு ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து இறக்கிக் கொதிக்க வைக்கவேண்டும். நானும் சில பையன்களும் ஊற்றிலேயே கை ஏந்திக் குடித்துவிட்டோம். டீச்சரிடம் திட்டும் வாங்கினோம். டீச்சரும் பெண்பிள்ளைகளும் பொன்னையா கொதிக்க வைத்ததைத்தான் குடித்தார்கள். சோறு எல்லோருக்கும் ஒரே பானையிலிருந்து.

இரண்டு மூன்று நாளில் பெண்பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல். டீச்சரும் படுத்தார். மாடசாமி என்ற பூண்டு விவசாயியின் மகள் பார்வதி நினைவு தப்பிப் போனாள். ஜீப்பில் போட்டு மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை, தண்ணீரால் வந்தது என்று மட்டும் சொன்னார். ஊற்றில் பச்சையாகக் குடித்த நானும் பையன்களும், தூக்கும்போதே அள்ளிக் குடித்த பொன்னையாவும், கல்லுக்குண்டு மாதிரி இருந்தோம்.

பார்வதி பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கொதிக்க வைத்த தண்ணீர் உடம்புக்கு ஆகாது, கொதித்தால் தண்ணீர் செத்துவிடும், செத்த தண்ணீரைக் குடித்தால் சீக்கு வரும். டீக்கடைப் பானை இறங்கியது. வீடுகளில் அடுப்பு அதற்காக எரிவது நின்றது. இனி மலை நடை கிடையாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். டீச்சருக்கு அதுகூடப் பெரிதாக இல்லை. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை வர அதிக நாள் இல்லை, அதுதான் அவரைத் தின்றது.

அவரைப் பார்க்கப் போனேன். முகம் வெளிறி, ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியும் போர்த்தி உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "டீச்சர், கணக்குன்னா கணக்குதானுங்க. பச்சத் தண்ணி குடிச்சவன் நல்லா இருக்கறான். சுடுதண்ணி குடிச்சவங்க படுத்துட்டீங்க. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் விடை அப்படித்தான் வருதுங்க" என்றேன்.

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "விடை அப்படித்தான் வருது சார். அப்ப கணக்குல ஏதோ ஒண்ண எழுதாம விட்டுருக்கோம்" என்றார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு. மழைக்கு முன்ன அது என்னன்னு தெரியலைன்னா இந்த ஊரு இனி என் பேச்சக் கேக்காது. பிள்ளைக சாகும் சார்" என்றார். அதற்குப் பிறகு நான் கேலி பேசவில்லை. என்னதான் விட்டுப்போனது என்று எனக்கும் குடைய ஆரம்பித்தது.

எழுந்து நடமாட முடிந்ததும் விசாரித்தார். விறகு என்ன மரம்? கள்ளி ஏதும் கலந்ததா? பானையில் களிம்பு இருந்ததா? வடிகட்டிய துணி யாருடையது? துணி என்னுடையது, அதை எப்படித் துவைத்தேன் என்றுகூடக் கேட்டார். பொன்னையாவிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்டார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பானை கழுவியது, ஊற்றிலிருந்து தண்ணீர், வடிகட்டியது, கொதித்தது, குடித்தது. "யாரும் பொய் சொல்லல சார். அதான் எனக்குப் புரியல" என்றார்.

பள்ளிக்கூட லீவு வந்தது. நான் ஊருக்குப் போகாமல் தங்கினேன். வீட்டில் தோட்ட வேலை கிடக்கிறது என்று அப்பாவுக்குக் கோபம். ஒரு நாள் பொன்னையா எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் சும்மா இருக்கமாட்டாமல், "பொன்னையா, டீ எப்படிப் போடுதீங்க, சொல்லுங்க" என்றார். அவரும் தண்ணீர், தூள், பால், சர்க்கரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லும்போதே ஒரு டம்ளரை எடுத்து, முந்தின தண்ணீரை உதறிவிட்டு, தோள் துண்டால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்து, டீயை ஊற்றினார். துடைத்ததை அவர் சொல்லவில்லை.

டீச்சர் டீயைத் தொடவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நான் சொல்லச் சொன்னது தப்பு. செய்யச் சொல்லணும்" என்றார்.

மறுபடி அந்தப் பாறைக்குப் போகவேண்டும், அன்றைக்குப் போனவர்களே வரவேண்டும், அன்றைக்குச் செய்தது போலவே செய்யவேண்டும் என்றார். யார் விடுவார்கள்? தேறியிருந்த பெண்பிள்ளைகள் சிலர் வந்தார்கள். பார்வதி வந்தாள், அவளைத் தனியே விடமாட்டேன் என்று மாடசாமியும் வந்தார். "என்னத்தையோ செஞ்சு காட்டுறேங்கிறியே டீச்சரு, பாத்துக்கிறேன். ஆனா எம்புள்ள ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

அன்றும் நல்ல வெயில். பொன்னையா பானையைக் கழுவினார், ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார், வடிகட்டினார், மூன்று கல் கூட்டி மூட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. டீச்சர் பாறையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் வித்தியாசமாக இல்லை. ஏறி வந்த களைப்பில் பிள்ளைகள் அன்றைக்குப் போலவே, "அண்ணே, தண்ணி" என்று பொன்னையாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவர் ஒரு டம்ளரில் பாதிக்குக் கொதிக்கிற தண்ணீரை மொண்டார். இடது கை தன் பாட்டுக்குப் பின்னால் போய், கழுவ வைத்திருந்த போகிணியை எடுத்து, பக்கத்து வாய்க்காலில் முக்கி, டம்ளரின் மீதியை நிரப்பியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தா பாப்பா, பதமா இருக்கு" என்று பார்வதியிடம் நீட்டினார்.

டீச்சர் எழுந்து வந்து டம்ளரின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"பொன்னையா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"தண்ணி குடுத்தேன் டீச்சரம்மா."

"அதுக்கு முன்ன?"

"கொதிக்க வச்சேன்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நடுவுல ஒண்ணுஞ் செய்யலியே" என்றார். கையில் போகிணி சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவரே குனிந்து பார்த்தார். "வெளாவினேன். அது எல்லாரும் செய்யுததுதான டீச்சரம்மா. கொதிக்கக் கொதிக்கவா பிள்ளைகளுக்குக் குடுப்பாக? வாய் வெந்துராதா?"

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நானும் மாடசாமியும் பக்கவாட்டில் போனோம். மேட்டின் மறுபுறம், ஊற்றுக்கு மேலே ஏறிப் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், மேய்ச்சல்காரர்கள் மாட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். சாணி, மூத்திரம், ஆட்கள் ஒதுங்கும் இடம், எல்லாம் வாய்க்காலின் கரையிலேயே. பாறைக்கு வரும்போது தண்ணீர் தெளிந்து அழகாகத்தான் வந்தது.

திரும்பி வந்தபோது பொன்னையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மாடசாமி விறுவிறுவென்று அவரை நோக்கிப் போனார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். டீச்சர் நடுவில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். இந்த ஒரு வருசமா உங்க வீட்ல தண்ணி கொதிக்க வச்சீங்கல்ல, அத எப்படிக் குடிச்சீங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

"கொதிக்கக் கொதிக்கவா?"

மாடசாமி நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. "வெளாவித்தான்" என்றார் மெதுவாக.

"எந்தத் தண்ணிய விட்டு?"

"கொடத்துத் தண்ணியத்தான் டீச்சரு."

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று. டீச்சர் அப்படியே பாறையில் உட்கார்ந்து சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு வருசமா ஊரெல்லாம் வெறகுதான் எரிஞ்சிருக்கு" என்றார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பொன்னையாவிடம் போனார். "நீங்க பிள்ளைக வாய் வேகக் கூடாதுன்னு செஞ்சீங்க. கொதிக்க வைங்கன்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். ஆற வைங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தப்பு என்னுது. உங்களுது இல்ல" என்றார். இதைத்தான் பிறகு பெற்றோர் கூட்டத்திலும் ஹெட்மாஸ்டர் முன்னால் எழுந்து நின்று சொன்னார். பொன்னையாவின் பேரை அந்தக் கூட்டத்தில் எடுக்கவே இல்லை. மாடசாமியும் எடுக்கவில்லை.

மழைக்கு முன் மறுபடி வீடு வீடாகப் போனார். இந்த முறை மாடசாமியும் கூடப் போனார். "நாளைக்குக் குடிக்கிற தண்ணிய இன்னைக்கே கொதிக்க வச்சு மூடிருங்க. தன்னால ஆறட்டும். அவசரம்னா டீ ஆத்துத மாதிரி ரெண்டு பாத்திரத்துல ஆத்துங்க. ஒரு சொட்டு வெளாவக் கூடாது." இவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படி வரை போய், சொல்லச் சொல்லாமல் செய்யச் சொல்லிப் பார்த்தார். அந்த மழைக்கு வயிற்றுக்கடுப்பென்று ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப் இறங்கவில்லை. மலை நடை திரும்ப ஆரம்பித்தது. பொன்னையா பாறைமேல் நின்று, ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழ் என்று வெந்நீரை ஆற்றுவதைப் பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள். ஒரு சொட்டு சிந்தாது.

சில வருடம் கழித்து எனக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சித்தூரில், மாறுதல் கிடைத்தது. டீச்சர் கல்யாணமாகி மூணாறுக்குப் போனார். ஒருமுறை கணவரோடும் கைக்குழந்தை ஷீலாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "ஏனுங்க டீச்சர், எங்கூட்டுத் தண்ணியக் குடிக்கமாட்டீங்களா?" என்றாள். எங்கள் பக்கம் அது பெரிய வார்த்தை.

"குடிக்காம எங்க போறேன்? வாங்க, அடுப்படியில உக்காந்து பேசுவோம்" என்று அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டது. ஊருக்கெல்லாம் பாறைக் கதையைச் சொல்லித் திரிந்தவன் வீட்டிலேயே இத்தனை நாளும் விளாவித்தான் குடித்திருக்கிறோம். நான் என் அடுப்படியை எட்டிப் பார்த்ததே இல்லை. டீச்சர் வெளியே வந்து, "சார், விடை அப்படித்தான் வருது" என்றார். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூணாறில் தூறல். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வீட்டில் உட்கார்ந்தோம். குளிர் எலும்பைக் குடைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, சின்ன வயது, எல்லோருக்கும் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் டம்ளர் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. நான் துண்டால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்தி விளாவித் தரட்டுமா?" என்று செம்பைச் சரித்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் டம்ளரின் வாயை மூடியது. நரைத்த தலை, காந்தலூர்க்காரர்கள் போர்த்தும் கம்பளி. யார் என்று எனக்கு உடனே தெரியவில்லை. "வேணாம்த்தா, ஆறட்டும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன பிறகு என் பக்கம் திரும்பி, "நான்தான் சார், பார்வதி" என்றாள். பேரன் பேத்தி எடுத்த பார்வதி. டம்ளரிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. ஆவி விரலிடுக்கில் வந்துகொண்டிருந்தது.

ஷீலா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் சொல்ல முடியாததை அப்போது சொன்னேன். "நீ விளாவிக் குடுத்திருந்தா உங்கம்மா குடிச்சிருக்கமாட்டாங்க கண்ணு. கையால மூடியிருப்பாங்க. ஆறட்டும்னு நீ மூடி வெச்சியே, அதைப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க." அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். வீட்டில் அதுவரை அவள் அழவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

டீச்சர், நாங்கள் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். போகட்டும் என்றேன். தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு முதல் டம்ளரை ஷீலா குடித்தாள். பிறகு பார்வதி. பிறகு நான். போய் வாருங்கள் டீச்சர், அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்த்து வையுங்கள்.